பக்கத்து பெஞ்சுக்குத்தான் முதலில் தெரியும்

ஒரு பிள்ளை செத்துவிடலாம் என்று நினைக்கத் தொடங்கினால் அது முதலில் அம்மாவுக்குத் தெரிவதில்லை. வகுப்பாசிரியருக்கும் தெரிவதில்லை. பக்கத்தில் உட்காரும் பிள்ளைக்குத்தான் தெரிகிறது. கடலூர் மாவட்டத்தில், முந்திரித் தோப்புகளுக்கு நடுவே இருக்கும் ஓர் ஊரில், அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் எடுக்கிறேன். பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகள். இத்தனை வருடங்களில் இந்த மாதிரி என் காதுக்கு வந்த விஷயம் எதையும் நானாகக் கண்டுபிடித்ததில்லை. ஒவ்வொரு தடவையும் இன்னொரு பிள்ளைதான் வந்து சொன்னது. அதனால் இந்தக் கட்டுரையில் அந்த இன்னொரு பிள்ளையைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன். ஆட்கள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஒருநாள் பிளஸ் டூ மாணவி ஒருத்தி ரெக்கார்ட் நோட்டில் கையெழுத்து வாங்க ஸ்டாஃப் ரூமுக்கு வந்தாள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகும் போகவில்லை. அட்டையைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றாள். உள்ளே மற்ற ஆசிரியர்கள் இருந்தார்கள். வராண்டா ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய் "என்னம்மா?" என்றேன்.

"மிஸ், யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன். சொன்னா அவ என்கூட பேசவே மாட்டா."

அப்புறம் போனில் வந்திருந்த செய்தியை வரி பிசகாமல் ஒப்பித்தாள். போன் வீட்டில் இருந்தது, ஆனால் வாசகம் மனப்பாடமாகியிருந்தது. இனிமேல் உனக்கு என்னால் தொல்லை இருக்காது, என் நோட்டையெல்லாம் நீயே வைத்துக்கொள், தம்பி எப்பவாவது வந்தால் கணக்கு சொல்லிக்கொடு. அவ்வளவுதான். இரண்டு நாளாக அந்தச் செய்தியை மனதில் சுமந்துகொண்டு இந்தப் பெண் சாப்பிடாமல் இருந்திருக்கிறாள்.

அவளிடம் நான் சொன்னது: "நீ சொன்னது ரொம்ப சரி. இந்த நிமிஷத்திலேர்ந்து இது உன் பொறுப்பு இல்ல, என் பொறுப்பு." தகவல் சொல்ல வரும் பிள்ளையிடம் பெரியவர்கள் முதலில் சொல்ல வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன். பதினேழு வயதுப் பிள்ளை இன்னொரு உயிருக்குக் காவல் இருக்க முடியாது. "அவளைப் பத்திரமாப் பாத்துக்க" என்று அதே பிள்ளையிடம் திருப்பிக் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது உதவி கேட்டு வந்தவள் தலையிலேயே சுமையை ஏற்றி அனுப்புவது.

செய்தி அனுப்பியவள் வகுப்பில் முதல் மூன்று பேரில் ஒருத்தி. அன்றைக்கும் பள்ளிக்கு வந்திருந்தாள். எல்லோர் முன்னாலும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஊர்வலமாக்கக் கூடாது. நூலகத்தில் புத்தகம் அடுக்க ஆள் வேண்டும் என்று சொல்லி வரவழைத்தேன். லேபுக்குக் கூப்பிடவில்லை. அங்கே என்னென்ன பாட்டில்கள் இருக்கின்றன என்று எனக்குத் தெரியும்.

பெரும்பாலோர் தயங்குவது இந்த இடத்தில்தான். 'தற்கொலை' என்று வாய்விட்டுக் கேட்டால், இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம். நானும் அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவள்தான். ஆனால் இதை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் ஆறு உயர்நிலைப் பள்ளிகளில் 2,342 மாணவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியிடம் மட்டும் தற்கொலை எண்ணம் பற்றி நேரடியாகக் கேட்டார்கள். முடிவுகள் 2005-ல் வெளியாயின. கேட்கப்பட்ட பிள்ளைகளுக்கு மன உளைச்சலும் கூடவில்லை, அந்த எண்ணமும் கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்விலோ முன்பு முயற்சி செய்தோ இருந்த பிள்ளைகளுக்கு, கேட்டது ஓரளவு ஆறுதலாகக்கூட இருந்திருக்கிறது.

சுற்றி வளைக்காமல்தான் கேட்டேன். "தாங்க முடியாத கஷ்டம் வரும்போது செத்துடலாம்னு சிலருக்குத் தோணும். உனக்கு அப்படித் தோணுதாம்மா?" ரொம்ப நேரம் குனிந்தே இருந்தாள். "ஆமா மிஸ்" என்றாள். அதைச் சொன்ன பிறகுதான் அழுகை வந்தது.

அதற்கு மேலும் கேட்க வேண்டும். எத்தனை நாளாக இப்படி? இன்றைக்கும் அந்த எண்ணம் இருக்கிறதா? எப்படி, எப்போது என்று ஏதாவது தீர்மானித்து வைத்திருக்கிறாயா? தீர்மானித்து வைத்திருந்தால் அன்றைக்கே மருத்துவமனை, ஒரு நிமிடம்கூடத் தனியாக விடக் கூடாது. பொதுவான சலிப்பாக இருந்தால் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது, ஆனாலும் விட்டுவிடக் கூடாது. கடைசியாக ஒரு கேள்வி கேட்டேன்: "இவ்வளவு நாளா உன்னைப் பிடிச்சு வச்சிருந்தது எது?" சட்டென்று "தம்பி" என்றாள். ஆறாம் வகுப்புப் படிக்கிற தம்பி, சாயங்காலம் அவள் வந்தால்தான் சோறு சாப்பிடுவானாம். அதன் பிறகு பேச்சு கொஞ்சம் இலகுவாயிற்று. சாவைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்த பெண், தம்பிக்கு வகுத்தல் வராததைப் பற்றிப் பேசினாள்.

நம் வாயில் தானாக வரும் சில வாக்கியங்களை அப்போது அடக்கிக்கொள்ள வேண்டும். "உனக்கென்ன குறை?", "அப்பா அம்மாவை நினைச்சுப் பாத்தியா?", "இதுக்கெல்லாமா சாவாங்க?" எல்லாமே நல்ல எண்ணத்தில் வருபவைதான். கேட்கிற பிள்ளைக்கு அவை தீர்ப்பாகத்தான் விழும். பேசாமல் உட்கார்ந்து கேட்பது நமக்குப் பழக்கமில்லாத வேலை. ஆசிரியர்களுக்கு இன்னும் கஷ்டம், நாற்பத்தைந்து நிமிடம் நாமே பேசிப் பழகியவர்கள்.

காரணம் என்னவென்று நீங்கள் ஊகித்திருப்பீர்கள். நானும் பரீட்சை பயம் என்றுதான் நினைத்தேன். இல்லை. யாரோ கொடுத்த போன் வீட்டில் பிடிபட்டு, அண்ணன் அடித்திருக்கிறான். பரீட்சை முடிந்த கையோடு மாமா மகனுக்குக் கட்டிவைத்துவிடலாம் என்று பேச்சு. காலேஜ் கிடையாது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2021-ல் இந்தியாவில் 18 வயது நிரம்பாத 10,732 பேர் தற்கொலையால் இறந்தார்கள். அதில் தேர்வுத் தோல்வி என்று பதிவானது 864. குடும்பப் பிரச்சினைகள்தான் முதலிடம். போலீஸ் பதிவில் ஒற்றைக் காரணம் எழுதுவதே சரியில்லை என்பது என் எண்ணம். பல நாள் சேர்ந்து வருவதைக் கடைசி நாள் நடந்த ஒன்றின் மேல் போட்டுவிடுகிறோம். ஆனாலும் மே மாதத்தில் மட்டும் விழித்துக்கொண்டு மற்ற பதினோரு மாதமும் தூங்குவது தப்பு என்று அந்தக் கணக்கு காட்டுகிறது.

இதை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். நான் சொன்னது: "உனக்கு ஒதவி பண்ணணும்னா இன்னும் ஒண்ணு ரெண்டு பேருகிட்ட சொல்லித்தான் ஆகணும். மொதல்ல யாருகிட்ட சொல்லலாம், நீ சொல்லு." அம்மா வேண்டாம், அப்பா வேண்டவே வேண்டாம். அத்தை என்றாள். பக்கத்து ஊரில் சத்துணவு அமைப்பாளராக இருக்கிறவர். தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு அத்தைக்கு போன் போட்டேன். அவர் வருகிற வரை அந்தப் பெண்ணோடுதான் இருந்தேன். பாத்ரூம் போனால்கூட வாசல் வரை. என் வகுப்பைப் பக்கத்து வகுப்பு சார் பார்த்துக்கொண்டார்.

அத்தை வந்து, அத்தை மூலமாக அப்பா வந்தார். "சும்மா நடிக்கிறா மிஸ், கல்யாணத்த நிறுத்த மெரட்டுறா" என்றார். சொல்கிறவர்கள் செய்ய மாட்டார்கள் என்ற நம்பிக்கை நம் ஊரில் ரொம்ப ஆழமானது. உண்மை வேறு. உயிரை விட்டவர்களில் நிறைய பேர் அதற்கு முன் யாரிடமாவது, ஏதாவது ஒரு விதத்தில், சொல்லித்தான் இருக்கிறார்கள். அப்பாவிடம் நான் வாதாடவில்லை. "நடிப்புன்னே வச்சுக்குங்க. நாம நம்பி ஆஸ்பத்திரிக்குப் போனா ஒருநாள் வேல கெடும். நம்பாம இருந்து அது நெசமா இருந்துட்டா?" என்றேன். பேசாமல் இருந்தார். அப்புறம் அவருடைய அசல் பயம் வெளியே வந்தது: போலீஸ் கேஸ் ஆகிவிடுமா, பெண்ணின் பெயர் கெட்டுவிடுமா.

இது பல வீடுகளில் இருக்கும் பயம், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். எண்ணத்தைப் பற்றி டாக்டரிடம் பேசுவதற்கும் போலீஸுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. முயற்சியே செய்திருந்தாலும்கூட, 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-வது பிரிவு அந்த நபரைக் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. தண்டிக்கக் கூடாது, சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்கிறது. 2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டமும், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய அதன் 309-வது பிரிவும் நடைமுறையில் இல்லை. முயற்சி செய்த பிள்ளையை மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் தகவல் பதிவு செய்வார்கள், அது அவர்கள் நடைமுறை. அதற்குப் பயந்து வீட்டிலேயே வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்துவதுதான் ஆபத்து.

பதினெட்டு வயதுக்கு முன் கல்யாணம் என்பது வேறு சட்டம், வேறு சண்டை. குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு போன் செய்தால் என்ன ஆகும் என்பதை அத்தையே தன் அண்ணனுக்கு எடுத்துச் சொன்னார். என்னைவிட அவர் நன்றாகச் சொன்னார்.

அம்மா, குறி கேட்கப் போக வேண்டும் என்றார். போகட்டும் என்றேன். கோயிலோ தர்காவோ, மனதுக்குத் தெம்பு தருகிற இடத்தைத் தடுக்க நான் யார். டாக்டரைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்று மட்டும் வரிசையை மாற்றிச் சொன்னேன்.

முதலில் போன தனியார் கிளினிக்கில் நடந்தது எனக்கு இன்னும் கசக்கிறது. பத்து பேர் உட்கார்ந்திருந்த இடத்தில் "நல்லாப் படிக்கிற பொண்ணு, இப்படியெல்லாம் நினைக்கலாமா?" என்று கேட்டிருக்கிறார்கள். அவள் அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. அப்புறம் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போனார்கள். அங்கே இருந்த டாக்டர் அப்பாவை வெளியே உட்கார வைத்துவிட்டு அவளிடம் தனியாகப் பேசினார். அவளாகவே அடுத்த தேதி கேட்டுக்கொண்டு வந்தாள். ஒரு டாக்டர் ஒத்துவரவில்லை என்றால் வைத்தியமே வேண்டாம் என்று முடிவெடுக்காதீர்கள், டாக்டரை மாற்றுங்கள். மருந்து கொடுத்தால் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். தொடங்கிய புதிதில் பிள்ளையைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும், நன்றாகிவிட்டது என்று நாமே நிறுத்தக் கூடாது.

அதோடு வீட்டையும் பார்க்க வேண்டும். எங்கள் பக்கம் எல்லாம் விவசாய வீடுகள். வயலுக்கு வாங்கிய மருந்து திண்ணையிலும் பரணிலும் கிடக்கும், பாட்டியின் மாத்திரை டப்பா டிவி மேல் இருக்கும். இந்த எண்ணம் அலைபோல ஏறி இறங்குகிற ஒன்று. உச்சத்தில் நிற்கும் நேரம் பல சமயம் மிகக் குறைவு. அந்த நேரத்தில் கைக்கு எதுவும் எட்டாமல் இருந்தால் பெரும்பாலும் அது கடந்துவிடும். இங்கே கிடைக்காவிட்டால் வேறு எங்காவது தேடிப் போவார்கள் என்று சொல்பவர்களுக்கு இலங்கையைக் காட்டலாம். 1990-களின் நடுவில் உலகிலேயே மிக அதிகத் தற்கொலை விகிதம் கொண்ட நாடுகளில் ஒன்று அது, லட்சத்துக்கு 47 பேர். கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். அடுத்த இருபது ஆண்டுகளில் விகிதம் ஏறக்குறைய எழுபது சதவீதம் இறங்கியது. எங்கள் மாவட்டத்திலேயே காட்டுமன்னார்கோயில் வட்டாரத்துக் கிராமங்களில், விவசாயிகள் மருந்தை வீட்டில் வைக்காமல் பொது இடத்தில் பூட்டுப் போட்ட பெட்டிகளில் வைக்கும் ஏற்பாட்டைச் செய்து பார்த்திருக்கிறார்கள். சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் தொடங்கிய சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பினர் செய்த ஆய்வு அது. விவசாயிகள் அதை ஏற்றுக்கொண்டார்கள்.

அத்தை அன்று இரவே மருந்துகளை எல்லாம் ஒரு சாக்கில் கட்டித் தன் வீட்டு மோட்டார் கொட்டகையில் வைத்துப் பூட்டினார். பாட்டி மாத்திரையை அன்றன்றைக்கு உள்ளதை மட்டும் எடுத்துக் கொடுக்கும் வேலை அம்மாவுக்கு. அந்தப் பெண்ணுக்குத் தெரியாமல் ஒளித்துச் செய்யவில்லை. "நீ எங்களுக்கு வேணும், அதனால எடுத்து வைக்கிறோம்" என்று சொல்லியே செய்தார்கள். அது சரியென்றுதான் எனக்குப் படுகிறது.

மருத்துவமனையில் அவளிடம் ஒரு தாள் எழுதச் சொல்லியிருந்தார்கள். அமெரிக்க உளவியலாளர்கள் ஸ்டான்லி, பிரவுன் இருவரும் உருவாக்கிய முறை, இப்போது பல நாடுகளில் பயன்படுத்துகிறார்கள். நெருக்கடி வரப்போகிறது என்று எனக்கு எதை வைத்துத் தெரியும்? அப்போது நானே என்ன செய்துகொள்ளலாம்? யாரோடு போய் இருக்கலாம்? யாரிடம் வாய்விட்டுச் சொல்லலாம்? எந்த எண்ணுக்கு போன் செய்யலாம்? வீட்டில் எதையெல்லாம் அப்புறப்படுத்த வேண்டும்? இதை அந்தப் பிள்ளையின் சொந்த வார்த்தையில், மனம் அமைதியாக இருக்கும்போது எழுத வேண்டும். அவள் அடையாளமாக எழுதியது "சோறு எறங்காது, பாட்டு கேக்கப் பிடிக்காது". செய்ய வேண்டியதாக எழுதியது "மாட்டுக்குத் தண்ணி காட்டணும், தம்பியோட கேரம் ஆடணும்". பெரியவர்கள் எழுதிக் கொடுத்திருந்தால் 'தியானம்' என்று போட்டிருப்போம்.

சரி, சத்தியத்தை மீறிய தோழி? அவளுக்கு மூன்று நாள் காய்ச்சல். காட்டிக்கொடுத்துவிட்டோம் என்ற எண்ணம். மற்றவளும் முதல் சில வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இருவரும் அப்புறம் பேசிக்கொண்டார்கள், ஒரே பேருந்தில்தான் வந்தார்கள், ஆனால் பழைய ஒட்டுதல் வரவில்லை. அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. சொல்கிற பிள்ளைக்கு ஒரு நஷ்டம் உண்டு. அதைத் தெரிந்தேதான் அது வருகிறது. அதனால் அந்தப் பிள்ளையையும் தனியாகக் கூப்பிட்டு, அவள் உயிரோடு இருப்பதில் உன் பங்கு இருக்கிறது என்று ஒருமுறைக்கு நாலுமுறை சொல்ல வேண்டும். அவளும் கவுன்சிலரைப் பார்க்க ஏற்பாடு செய்தோம்.

பையன்கள் விஷயம் வேறு மாதிரி. அழ மாட்டார்கள், எரிந்து விழுவார்கள். ஒரு பிளஸ் ஒன் பையன், கிரிக்கெட் வெறியன், திடீரென்று விளையாட வருவதை நிறுத்தினான். வகுப்பில் ஒரு சாரை எதிர்த்துப் பேசினான். எல்லோரும் திமிர் என்றார்கள். பிறகு தன் பேட்டை எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனுக்குச் சும்மா கொடுத்துவிட்டான். அவன் டீமில் இருந்த ஒருவன்தான் அதைக் கவனித்து பி.டி. சாரிடம் போய்ச் சொன்னான்: "சார், அவன் அந்த பேட்ட தொடக்கூட வுட மாட்டான் சார்." பையன்கள் வேதியியல் டீச்சரிடம் வர மாட்டார்கள், பி.டி. சாரிடம் போவார்கள். பள்ளியில் யாருக்குப் பயிற்சி தரலாம் என்று கேட்டால் நான் முதலில் பி.டி. சாரையும், அடுத்து சத்துணவு அக்காவையும், வாட்ச்மேனையும் சொல்வேன்.

பி.டி. சார் மைதானத்தில் நடந்துகொண்டே பேசியதில் வெளிவந்தது இது: முகம் தெரியாத கணக்கிலிருந்து வீடியோ கால், அதைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு பணம் கேட்டு மிரட்டல். அம்மாவின் கூகுள் பேயிலிருந்து கொஞ்சம் அனுப்பியும் விட்டான், மிரட்டல் கூடியதே தவிர நிற்கவில்லை. அப்பாவிடம் சொல்வதைவிடச் சாவது சுலபம் என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது. இந்த மாதிரி சிக்கலில் செய்ய வேண்டியவை: இனி ஒரு ரூபாயும் அனுப்பக் கூடாது, உரையாடலை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்க வேண்டும், அந்தக் கணக்கைப் பிளாக் செய்ய வேண்டும், 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் கொடுக்க வேண்டும். பிள்ளை இங்கே பாதிக்கப்பட்டவன், குற்றவாளி அல்ல. இதை அவன் அப்பாவிடம் பி.டி. சார் சொன்ன விதத்தை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்: "அண்ணே, அவன் மேல கைய வச்சீங்கன்னா அப்புறம் என்கிட்ட பேசாதீங்க." பயிற்சிக் கையேடுகளில் இப்படி இருக்காது. அந்த அப்பாவிடம் அது எடுபட்டது.

இந்த இரண்டுக்கும் பிறகு எனக்கு ஒரு கேள்வி இருந்தது. அந்தத் தோழியும் அந்த டீம் பையனும் சொல்லாமல் இருந்திருந்தால்? சொல்வதா வேண்டாமா என்று இருவருமே தவித்திருக்கிறார்கள். அந்தத் தவிப்பை முன்கூட்டியே வகுப்பறைக்குக் கொண்டுவர முடியாதா? முடியும் என்று ஐரோப்பாவில் ஒரு பெரிய ஆய்வு சொல்கிறது. பத்து நாடுகள், 168 பள்ளிகள், 11,110 மாணவர்கள். 2015-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஒரு பிரிவில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி, ஒன்றில் நிபுணர்களை வைத்துப் பரிசோதனை, ஒன்றில் மாணவர்களுக்கே ஐந்து மணி நேர நிகழ்ச்சி: நடித்துப் பார்ப்பது, விவாதிப்பது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது மாணவர்களுக்கு நடத்திய பிரிவில்தான் புதிய தற்கொலை முயற்சிகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தன. ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்ததில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஆசிரியையாக எனக்கு அது கொஞ்சம் உறைத்தது.

அப்படியே அதைச் செய்ய எங்களிடம் ஆள் கிடையாது. மாவட்ட மனநலத் திட்டத்திலிருந்து ஒரு சமூகப் பணியாளரை வரவழைத்து, பிளஸ் ஒன் வகுப்பில் ஒரு சின்ன நாடகம் வைத்தோம். இரண்டு பேர் நண்பர்கள். ஒருவர் மற்றவரிடம் "யார்கிட்டயும் சொல்லாத" என்று சொல்கிறார். அதோடு நிறுத்திவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று வகுப்பைக் கேட்போம். சாகிற காட்சியோ, எப்படி என்ற விவரமோ, இறந்தவர்களைத் தியாகிகளாக்கும் பேச்சோ கிடையாது. பிள்ளைகள் மனதில் அது தப்பாகத் தங்கும். முதல் தடவை சிரிப்பும் கிண்டலுமாகத்தான் போனது. பிறகு ஒருத்தன் "சொன்னா ஃப்ரெண்ட்ஷிப் போயிடும் மிஸ்" என்றான். பின் பெஞ்சிலிருந்து ஒரு பெண், "ஆளே போயிட்டா ஃப்ரெண்ட்ஷிப்ப யாருகூட வச்சுப்ப?" என்றாள். சண்டையே வந்துவிட்டது. எந்த ரகசியத்தைக் காக்கலாம், எதைக் காக்கக் கூடாது என்று அவர்களாகவே பிரித்தார்கள். யாரைக் காதலிக்கிறாள் என்பதைச் சொல்லக் கூடாது. யாராவது தொட்டுத் தொந்தரவு செய்கிறார்கள் என்றால் சொல்லியாக வேண்டும். சாக நினைக்கிறாள் என்றால் சொல்லியாக வேண்டும். பெரியவர் ஒருவரிடம் சொல்லி அவர் கண்டுகொள்ளாவிட்டால்? இன்னொரு பெரியவரிடம் சொல்ல வேண்டும், ஒருவர் நம்பும் வரைக்கும். இந்தக் கடைசி வரி ஒரு மாணவியுடையது. எனக்குத் தோன்றியிருக்காது.

இந்த எண்களைக் கரும்பலகையில் எழுதி நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொள்ளச் சொல்வோம்: மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தமிழிலும் பேசலாம், கட்டணம் கிடையாது, இரவு பகல் எந்நேரமும் உண்டு, 2022 அக்டோபரில் வந்தது. தமிழ்நாடு அரசின் மருத்துவ உதவி எண் 104. பிள்ளைகளுக்கு 1098. சினேகாவின் எண் 044-24640050. ஒருமுறை வகுப்பிலேயே 14416-க்கு ஸ்பீக்கரில் போட்டு எடுத்துப் பேசிக் காட்டினோம். போனில் யார் எடுப்பார்கள், என்ன கேட்பார்கள் என்று தெரியாததே பாதிப் பேரைத் தடுக்கிறது.

இனி ரிசல்ட் விஷயம். நல்ல மாற்றங்கள் சில நடந்திருக்கின்றன, அதையும் சொல்ல வேண்டும். மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என்று பெயர் வெளியிடுவதை 2017-ல் தமிழ்நாடு அரசு நிறுத்தியது. தோற்றவர்களுக்கு உடனடியாகத் துணைத்தேர்வு. அதில் தேறினால் அதே வருடம் கல்லூரியில் சேரலாம். ஒரு வருடம் போச்சு என்ற வார்த்தைக்கு இடமில்லாமல் செய்த ஏற்பாடு அது. ரிசல்ட் வருகிற காலையில் ஃபெயிலான பிள்ளை வீட்டுக்கு போன் செய்தால் முதலில் துணைத்தேர்வு விண்ணப்பத் தேதியைத்தான் சொல்வேன். ஆறுதல் அதற்கப்புறம்.

ஒரு தடவை தப்பித்த பிள்ளையைத் தொடர்ந்து பார்ப்பது இன்னும் முக்கியம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் சில வாரங்கள்தான் ஆபத்து அதிகம் உள்ளவை, அப்போதுதான் எல்லோரும் 'சரியாயிடுச்சு' என்று பெருமூச்சு விட்டுக் கலைந்து போகிறோம். உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் ஓர் ஆய்வு நடத்தியது. அதில் சென்னையும் கொழும்பும் இருந்தன. முயற்சி செய்து மருத்துவமனைக்கு வந்த 1,867 பேரில் ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை. மற்ற பாதிக்கு, அதோடு சுமார் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுவது, பிறகு பதினெட்டு மாதங்களில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரிப்பது. தற்கொலையால் இறந்தவர்கள் முதல் பிரிவில் 2.2 சதவீதம், விசாரிக்கப்பட்ட பிரிவில் 0.2 சதவீதம். ஓர் ஆசிரியையால் முடியாத காரியம் அதில் எதுவும் இல்லை. அந்தப் பெண் பள்ளிக்குத் திரும்பிய அன்று வகுப்பில் யாரும் எதுவும் கேட்கக் கூடாது என்று தடையெல்லாம் போடவில்லை. "உடம்பு சரியில்லாம இருந்தா, இப்ப வந்திருக்கா, விட்டுப்போன பாடத்தை ரெண்டு பேர் எழுதிக் கொடுங்க" என்றேன். அவள் முன்கூட்டியே ஒத்துக்கொண்ட வாசகம் அது. இப்போது கடலூரில் நர்சிங் படிக்கிறாள். மாதத்தில் ஏதாவது ஒருநாள் போன் போடுவேன், எடுக்கவில்லை என்றால் திட்டுவேன்.

ரிசல்ட் அன்று சாயங்காலம் கூப்பிட என்னிடம் ஒரு பட்டியல் உண்டு. ஃபெயிலானவர்கள் மட்டும் அதில் இல்லை. எதிர்பார்த்ததைவிடக் குறைந்தவர்கள், வீட்டில் அண்ணனோடோ பக்கத்து வீட்டுப் பையனோடோ ஒப்பிடப்படுகிறவர்கள், சும்மா மனதில் உறுத்துகிறவர்கள். போன தடவை அப்படி ஒருவனைக் கூப்பிட்டபோது, "மிஸ், நான் 540, எனக்கு எதுக்கு போன்?" என்று சிரித்தான். சாப்பிட்டாயா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், காலையிலிருந்து அப்பா பேசவில்லை, 570 எதிர்பார்த்தார் என்றான். "தப்பான எண்ணம் ஏதாவது வருதாடா, சாகலாம்னு?" என்று அவனையும் கேட்டேன். "சீச்சீ, இல்ல மிஸ். ஆனா கஷ்டமா இருக்கு" என்றான். போனை அப்பாவிடம் கொடுக்கச் சொன்னேன்.